வெள்ளைத் துணியை மட்டும் நம்பியவர்

அவருடைய பட்டறையில் உட்கார ஒன்றுமே கிடையாது. நாற்காலி இல்லை, ஸ்டூல் இல்லை, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாகூட இல்லை. நம் காருக்குள்ளேயே உட்காரலாமென்றால் அது ஜாக்கி மேல் நிற்கும். திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் கொட்டகைகளை ஒட்டி, தகரம் வேய்ந்த அந்த இடத்தில் மூன்று மாதம் நின்றிருக்கிறேன். பக்கத்துக் கொட்டகையில் ஒரு விநாயகர் கல்லுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, கண் திறந்து, லாரியேறிப் போனதை முழுதாகப் பார்த்தவன் நான். என் கார் மட்டும் போகவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்; பத்தாவது நாள் கேட்டால் மரியாதைக் குறைவு. என் போனில் அவர் ‘ரேடியேட்டர்’. அவர் போனில் நான் யாரென்று ஒருநாள் தற்செயலாகக் கண்ணில் பட்டது: ‘ஒழுகுற வண்டி’. இருபத்திரண்டு வருடம் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்து நான் வாங்கிய பட்டங்களில் இது ஒன்றுதான் உண்மையோடு பொருந்தியது.

திருப்பூரில் மெக்கானிக்குகள் கை துடைப்பது பனியன் வேஸ்டில்தான். கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூட்டையாகக் கிடைக்கும். ஐரோப்பாவில் எந்தக் குழந்தையோ போட வேண்டிய டைனோசரின் வால் இங்கே கிரீஸ் துடைத்துக்கொண்டிருக்கும். எல்லாரும் கலர் வேஸ்ட் வாங்கும்போது இவர் மட்டும் வெள்ளை வேஸ்ட்தான் வேண்டுமென்று மூட்டை மூட்டையாகக் கிளறுவார். கலரில் கறை ஒளிந்துகொள்ளும் என்பது அவர் கட்சி.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இருபது வருடத் திருப்பூர் வாசத்தில் அவர் பேச்சுக்கும் ஊர் மாறியிருந்தது. தெற்கத்தி வினைச்சொல்லின் வாலில் எங்கள் ‘ங்க’ எசகுபிசகாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்தாராம். அடியில் விளக்கு எரியும் மேஜை மேல் துணி ஓடும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன இழை எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் குறி போட வேண்டும்.

“அஞ்சே மாசந்தான் சார். ரொம்ப ரிஜெக்ட் பண்ணுதான்னு அனுப்பிட்டாங்க.”

அந்த அனுப்பப்பட்ட மனிதர் அப்படியே கார்களிடம் வந்து சேர்ந்திருந்தார். இஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் ஒழுகும் கார் என்றால் மற்ற மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பார்கள். இவர் திறக்க மாட்டார். ஆறடிக்கு நாலடி வெள்ளைத் துணி ஒன்றை மடித்து நம் கையில் தருவார். ஓவர்லாக் டெய்லரான அவர் மனைவி நான்கு ஓரமும் அடித்துக் கொடுத்தது. மூன்று ஓரம் வெள்ளை நூல், ஓர் ஓரம் மட்டும் சிவப்பு.

“சிவப்பு டிரைவர் பக்கம் வரணும். வீட்டுல வண்டியை நிப்பாட்டி அடியில விரிச்சுருங்க. காலைல எடுத்துட்டு வாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். துணி சொல்லும்.”

காலையில் அவர் பட்டறை வாசலில் கௌரவமான மனிதர்கள் கறைபட்ட துணிகளை மடித்து ஏந்திக்கொண்டு, ரத்தப் பரிசோதனை முடிவுக்கு நிற்பவர்கள் மாதிரி நிற்பார்கள். அவர் துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். முகர்வார். ஈரத்தை விரலில் எடுத்துத் தேய்ப்பார். வெறும் ஏசி தண்ணீருக்கு வாடை கிடையாது; கூலண்டுக்குக் கொஞ்சம் தித்திப்பான வாடை. சொட்டு விழுந்த இடத்தை வைத்து, ஹோஸா, பம்பா, ரேடியேட்டரா என்று சொல்லிவிடுவார். தப்பியதாக எனக்குத் தெரியாது. ஆனால் வேலை முடிந்து வண்டியைத் தரும்போது, “சரியாயிருச்சு” என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வராது. “இப்போதைக்கு ஒழுகலை” என்பார். போகிறவர் வீடு சேரும்வரை நாலு தடவை இறங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார்.

கார் என்னுடையதல்ல, என் மாமனாருடையது. அவருக்குச் சிறுநீரகம் பழுது. செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூரில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. அதையெல்லாம் ஒப்புக்கொண்ட மனிதர், வாடகைக் காரை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“நம்ம வண்டீல போனா கோயமுத்தூருக்குப் போறனாட்ட இருக்குமுங்க மாப்ள. வாடகை வண்டீல போனா ஆஸ்பத்திரிக்குப் போறனாட்ட இருக்குமுங்க.”

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் பேனா. சந்தைக்குக் கிளம்புகிறவர் மாதிரிதான் கிளம்புவார். இருபது வருடம் ஓடிய அந்தக் கார் முதன்முதலாகப் பட்டறையில் படுத்தபோது, அடுத்த தெரு டாக்ஸியை வாசலில் நிறுத்தியும் ஏறவில்லை. ஒரு செவ்வாய் தவறியது. வியாழக்கிழமை மூச்சு வாங்கி, உதடு கறுத்து, ஆம்புலன்ஸில் போனார். அதுவும் சொந்த வண்டி இல்லை என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. ஆகவே அந்தக் கார் ஓடியாக வேண்டும். ரேடியேட்டரிடம் இதை முதல் வாரமே சொல்லிவிட்டேன்; செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும் எப்படியாவது வண்டியைத் தேற்றிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தூங்கவிடவில்லை.

காலை ஐந்தரைக்குப் போன் அடிக்கும்.

“சார், துணி என்ன சொல்லுது?”

“இன்னும் பாக்கலீங்க.”

“பாத்துட்டுச் சொல்லுங்க. லைன்லயே இருக்கேன்.”

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் தவழ்வேன். என் மனைவி உள்ளேயிருந்து, “ஏனுங்க, யாருங்க இந்நேரத்துல?” என்பாள். “ரேடியேட்டர்” என்பேன். இருபத்தைந்து வருடத் திருமண வாழ்க்கையில் அவள் இவ்வளவு அமைதியாக ஒரு பதிலை ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

முதலில் மேல் ஹோஸ். மாற்றினார். கறை இடம் மாறி விழுந்தது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விளிம்பில் வெடித்திருந்தது. புது ரேடியேட்டர், புது மூடி. ஒரு வாரம் துணி வெள்ளை. எட்டாம் நாள் நடுவில் ஒரு பச்சைப் பொட்டு: வாட்டர் பம்ப்.

“ஏனுங்க, நீங்க சரி பண்ணப் பண்ண ஒழுகுதே?” என்று கேட்டுவிட்டேன்.

“இத்தனை வருசமா பழைய மூடி லூசா இருந்துச்சு சார். அழுத்தம் நிக்கலை, எல்லாரும் சுகமா இருந்தாங்க. இப்ப புது மூடி. அழுத்தம் முழுசா நிக்குதுல்லா? எவன் வீக்கா இருக்கானோ அவன் வாயைத் திறப்பான்.”

எங்கள் அலுவலகத்துக்குப் புது ஜெனரல் மேனேஜர் வந்தபோது நடந்ததும் இதேதான். வாயைத் திறந்தவன் நான் என்பதால் மேற்கொண்டு விவாதிக்கவில்லை.

ஒருமுறை வண்டியை விட வீட்டுக்கு வந்தவருக்கு என் மனைவி டீ கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தார். குடிக்கும்போதே கண் சுவரில் ஊர்ந்தது. டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, மாடித் தொட்டிக்குக் கீழே சுண்ணாம்பு உப்பியிருந்த இடத்தில் வேஸ்ட் துணியை அழுத்தி எடுத்துப் பார்த்தார். ஈரம். அது வெறும் பெயிண்ட் கோளாறு என்று இரண்டு வருடமாக நான் சாதித்து வந்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. துணியை மட்டும் என் மனைவி கண்ணில் படும்படி மடித்து வைத்தார். அன்று அவர் மேல் எனக்குப் பிரியமும் ஒரு பயமும் சேர்ந்தே வந்தன. இந்த மனிதரை வீட்டுக்குள் அதிகம் விடக்கூடாது, என் சட்டைப்பையில் எங்காவது அழுத்திப் பார்த்துவிடுவார் என்று தோன்றியது.

பம்ப் மாற்றி வண்டியைத் தந்த புதன்கிழமை, பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் இருந்தார்.

“ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழா சார். வெள்ளிக்கிழமை காலைல வந்திருவேன். நாளைக்கு ராத்திரி துணி போட்டுருங்க. விடிஞ்சு ஒரு சொட்டு இருந்தாலும் வண்டியை எடுக்காதீங்க.”

அந்த அவசரத்தில் துணி தர மறந்துவிட்டார். நான் கவலைப்படவில்லை. துணிக்காகத் திருப்பூரில் ஒருவன் கலங்கலாமா? எங்கள் சாம்பிள் அறையிலிருந்து பால் போல ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்தேன். அவர் துணியைவிட வெள்ளை. சிவப்பு ஓரத்துக்குப் பதில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குப் போன் வரவில்லை. நானே துணியை எடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்தேன். ஒரு பொட்டு இல்லை. அவர் வந்ததும் காட்டலாமென்று பெருமையாக மடித்துக் காரில் போட்டுக்கொண்டு, மாமாவைப் பின்சீட்டில் ஏற்றிக் கிளம்பினேன்.

அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் சூடு காட்டும் முள் எழுந்தது. வழக்கமாக நடுவில் நிற்பது, முக்காலுக்குப் போய், சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டுவதற்குள் பானெட் இடுக்கில் ஆவி.

“ஏனுங்க மாப்ள, வண்டி பொகையுதுங்களே.”

“கொஞ்சம் சூடாயிருச்சுங்க மாமா. டாக்ஸி கூப்புடறனுங்க.”

“வேண்டாமுங்க. நீங்க ரெடி பண்ணுங்க. ஆகலீனா ஊட்டுக்குப் போயிரலாமுங்க. செவ்வாக்கெழம பாத்துக்கலாம்.”

செவ்வாய் என்றால் ஏழு நாள் இடைவெளி. இப்போதே இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கெஞ்சினேன். டாக்டர் பெயரைச் சொல்லி மிரட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, பந்தி போடுவதற்காகக் காத்திருக்கும் விருந்தாளி போல உட்கார்ந்துகொண்டார்.

ரேடியேட்டருக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் இரைச்சல்.

“இப்பத்தான் அவிநாசிபாளையம் தாண்டுதேன் சார். இஞ்சினை அமத்திட்டீங்களா? மூடியைத் தொடாதீங்க, முகத்துல அடிச்சுரும். துணி என்ன சொல்லுச்சு?”

“சுத்தமா இருந்துச்சுங்க.”



“எந்தத் துணி சார்?”

முக்கால் மணி நேரத்தில் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நெற்றியில் கொடைத் திருநீறு, தோளில் பை. வண்டியைப் பார்க்கவில்லை, துணியைக் கேட்டார். வாங்கி விரித்துப் பிடித்து, என் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் சேம்பு இலையில் விழுந்ததுபோல முத்து முத்தாக உருண்டு தரையில் ஓடியது. துணியில் ஈரத்தின் சுவடே இல்லை.

“சார், இது என்ன துணி?”

விளையாட்டு உடைக்கான துணி அது. தண்ணீர் ஒட்டாத ஃபினிஷ். அந்த ஃபினிஷின் மகிமையைப் பற்றி துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் பதினோரு மெயில் எழுதியவன் நானேதான். இரவெல்லாம் அதன் மேல் கூலண்ட் சொட்டி, உருண்டு, காருக்கடியில் மண்ணில் போய் மறைந்திருக்கிறது.

“அப்ப இது பேசவே பேசாதுல்லா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பின்சீட்டிலிருந்து மாமா மூச்சுக்கு நடுவே சிரித்தார். “மாப்ள கம்பெனித் துணீங்களா? தரமாத்தான் பண்ணியிருக்கறாங்க.”

இஞ்சின் தலையில், கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் மயிரிழை வெடிப்பு. புதிது வாங்கக் கோயமுத்தூர்தான் போக வேண்டும். இஞ்சின் ஆறும்வரை காருக்குக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஆறியதும் தண்ணீர் நிரப்பி, மூடியை அரைகுறையாகத் திருகி வைத்தார். அழுத்தம் ஏறாவிட்டால் வெடிப்பு அதிகம் வாய் திறக்காதாம். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

“ஐயா, வண்டி போகும். ஆனா இஞ்சின் சூட்டை இழுக்கதுக்கு உள்ள ஹீட்டரைப் போட்டுத்தான் போகணும். வெந்துரும்.”

“வேகட்டும் தம்பி. கெளம்பு.”

பெட்ரோல் பங்கில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் பத்து வாங்கினோம். சித்திரை வெயிலில், நான்கு ஜன்னலும் திறந்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் போனதை அந்தச் சாலை அதற்கு முன் கண்டிருக்காது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அதிலும் பாதி உடம்பு எழுந்தே இருந்தது. ஐந்தாறு மைலுக்கு ஒருமுறை, “ஓரங்கட்டுங்க சார்.” இறங்குவார், ஆறவிடுவார், ஊற்றுவார். நடுவில் திரும்பி, “ஐயா, எப்படி இருக்கு?” என்பார். மாமா, “போலாம்” என்பார். அந்தப் ‘போலாம்’ ஒவ்வொரு தடவையும் சிறுத்துக்கொண்டே வந்தது.  

ஒன்றரை மணி நேரம் தாமதம். நர்ஸ் என்னைத் திட்டிக்கொண்டே மாமாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிப் போனார். அப்படி ஓர் இனிமையான திட்டை நான் வாங்கியதில்லை.

டயாலிசிஸ் நடந்த நான்கு மணி நேரத்தில் ரேடியேட்டர் டவுனுக்குப் போய் ஹவுசிங் வாங்கிவந்து, ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்திலேயே மாற்றினார். அரை மணி நேரம் இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, பையைத் திறந்து கொடைக்குக் கட்டிய புது வேட்டியை எடுத்துக் காருக்கடியில் விரித்தார். காவலாளி ஓடி வந்தார்.

“யோவ், என்னய்யா பண்ற? இங்கெல்லாம் படுக்கக் கூடாது.”

“நான் படுக்கலைங்க. வண்டி படுத்திருக்கு.”

மாமா வெளியே வரும்வரை வேட்டி வெள்ளையாகவே இருந்தது. திரும்பும்போது ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை. முள் நடுவில் நின்றது. மிச்சமிருந்த ஆறு பாட்டில்கள் பின்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் கிடந்தன. மாமா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் என் மனைவி காத்திருந்தாள். மாமாவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். பாட்டில்களை ரேடியேட்டர் எடுத்து வெளியே வைத்தார். ஐந்து முழுசு. ஒன்று பாதி.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையை நான் அறிவேன். ஆயிரம் துணிகளை அப்படித்தான் பார்த்திருக்கிறார். பார்வை பாட்டிலிலிருந்து மாமாவின் உதட்டுக்குப் போனது. சட்டைக் காலரில் ஈரம். மாமா கேட்டின் தாழ்ப்பாளை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அப்பா, வழீல தண்ணி குடிச்சீங்களா?” என் மனைவியின் கண்ணும் பாட்டிலில்தான் இருந்தது.

“இது ரேடியேட்டருக்கு ஊத்துனதும்மா” என்றார் பாட்டிலை வைத்திருந்தவர். “வரும்போது கொஞ்சம் கேட்டுச்சு.”

நான்தான் வண்டி ஓட்டியவன். பானெட் திறக்கவே இல்லை. நானும் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

அவர் டீகூட வேண்டாமென்று கிளம்பிப் போனார். கால் மணி நேரம் ஆகியிருக்காது, போன்.

“சார், மனசு கேக்கலை. பூண்டி வரைக்கும் போய்ட்டேன், முடியலை. அரை லிட்டர் சார். வீட்டம்மாகிட்ட சொல்லிருங்க. நான் சொன்னேன்னு ஐயாவுக்குத் தெரிய வேண்டாம். ஆனா சொல்லிருங்க.”

“சொல்றனுங்க.”

“இப்பவே சார். நான் லைன்ல இருக்கேன்.”

போனைக் காதில் வைத்தபடியே சமையலறைக்குப் போனேன். மனைவி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாமா, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். மறுநாள் முழுவதற்குமாக அவருக்கு அளந்து வைத்திருந்த ஒரு லிட்டர் ஜாடி இன்னொரு கையில். அதைத் தொட்டியில் சாய்த்து மெல்ல ஊற்றினார். நிறுத்தினார். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாதிக் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு மேல் கொஞ்சம் இருந்தது, அதையும் ஊற்றினார். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“கை தவறிப் போச்சுங்க மாப்ள” என்றார்.

“சார்?” என்றது போன். “சொல்லிட்டீங்களா சார்?”